சூசை, வளன், யோசேப்பு: கடலூர், சிதம்பரம் கரையில் விவிலியப் பெயர்கள்

கடலூரையும் சிதம்பரத்தையும் உள்ளடக்கிய பழைய தென்னார்க்காட்டுக் கடற்கரையில் ஆண் குழந்தைக்கு விவிலியப் பெயர் சூட்டும் வழக்கம் போர்த்துக்கீசியர் காலத்தில் வேர்கொண்டு, பிரெஞ்சு, டேனிஷ், ஆங்கிலேய ஆதிக்கங்களின் ஊடாக வளர்ந்து இன்றுவரை தொடர்ந்து வருகிறது. கத்தோலிக்கர் விவிலியம் என்றும், சீர்திருத்தத் திருச்சபையினர் வேதாகமம் என்றும் வழங்கும் ஒரே நூலிலிருந்தே பெயர்கள் எடுக்கப்பட்டபோதிலும், எந்த மனிதரின் பெயரை எடுப்பது என்பதைக் காட்டிலும், எடுத்த பெயரை எந்த வடிவில் வழங்குவது என்பதே இங்குள்ள குடும்பங்களுக்குப் பெரிய கேள்வியாக இருந்திருக்கிறது. யோசேப்பு என்ற ஒருவரே இக்கரையில் சூசையாகவும் வளனாகவும் ஜோசப்பாகவும் யூசுபாகவும் வழங்குகிறார். எந்தத் தெருவில் எந்த வடிவம் ஒலிக்கிறது என்பதைக் கொண்டே அந்தத் தெரு எந்தக் குருவிடம் திருமுழுக்குப் பெற்றது, அல்லது எந்த மார்க்கத்தைச் சேர்ந்தது என்று ஓரளவு சொல்லிவிட முடியும்.

சமயம் மாறும்போது பெயரும் மாறுவது இந்த நிலப்பகுதிக்குப் புதிதன்று. இன்றைய கடலூர் மாவட்டத்துத் திருவாமூரில் பிறந்த மருள்நீக்கியார், சமண சமயத்தைத் தழுவித் திருப்பாதிரிப்புலியூரின் சமணப் பள்ளியில் தருமசேனர் என்ற பெயரைப் பெற்றார் என்றும், மீண்டும் சைவத்துக்குத் திரும்பி நாவுக்கரசர் ஆனார் என்றும், திருஞானசம்பந்தர் அவரை அப்பரே என அழைத்ததால் அப்பெயரும் நிலைத்தது என்றும் பெரியபுராணம் கூறுகிறது. ஒரே மனிதர் நம்பிக்கையின் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பெயரைத் தாங்கினார் என்ற இந்த வரலாற்றை அறிந்திருந்த மக்களுக்கு, ஞானஸ்நானம் எனப்படும் திருமுழுக்கின்போது பழைய பெயரைக் களைந்து புதிய பெயரைப் பெறுவது விளங்காத சடங்காக இருந்திருக்க வாய்ப்பில்லை. பிற்காலத்தில் இயேசுவின் திருத்தூதர்களுக்குத் தமிழ்க் கத்தோலிக்கர் இராயப்பர், சின்னப்பர், அருளப்பர் என்று பெயரிட்டபோது சேர்த்த அப்பர் என்ற விகுதியும், அப்பர் பிறந்த மண்ணில் அன்னியமாக ஒலித்திராது.

சிதம்பரத்துக்கும் கிறித்தவ மறைபணியாளர்களுக்கும் இடையிலான தொடர்பு 16ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தொடங்கிவிட்டது. இயேசு சபையைச் சேர்ந்த நிக்கோலாஸ் பிமெந்தா 1597இல் செஞ்சி நாட்டின் வழியே பயணம் செய்தபோது, நாயக்க மன்னர் கிருஷ்ணப்பர் தில்லைக் கோயிலில் கோவிந்தராசர் சன்னதியைப் புதுப்பிக்க முனைந்ததையும், அதை எதிர்த்த அர்ச்சகர்கள் கோபுரத்தின் மேலிருந்து விழுந்து உயிர்விடத் துணிந்ததையும் பதிவுசெய்தார். அதே கிருஷ்ணப்பர்தான் வெள்ளாற்றின் முகத்துவாரப் பகுதியில் இயேசு சபையார் கோயில் கட்டிக்கொள்ளவும் அனுமதி தந்தார். அங்குள்ள பரங்கிப்பேட்டையின் பெயரே பரங்கியர் எனப்பட்ட போர்த்துக்கீசியரின் இருப்பைக் காட்டுவது. அவர்களது நாவின் வழியாகவே விவிலியப் பெயர்களின் முதல் அடுக்கு இங்கு வந்து சேர்ந்தது. ஜோசே சூசை ஆனது. யாக்கோபைக் குறிக்கும் சந்தியாகோ சந்தியாகு ஆனது. அதன் சுருக்கமாகக் கருதப்படும் தியோகோ தியோகு ஆனது. எபிரேய மூலத்திலிருந்து இலத்தீனுக்கும் அங்கிருந்து போர்த்துக்கீசிய மொழிக்கும் நகர்ந்து தேய்ந்த ஒலிகள், தமிழ் நாவில் மறுபடியும் தேய்ந்து, மூலத்தோடு தொடர்பே இல்லாதவை போலத் தோன்றும் அளவுக்கு உருமாறின. சூசை என்று மகனை அழைத்த மீனவத் தாய்க்கு அது வேற்றுமொழிப் பெயர் என்ற எண்ணம் எழுந்திருக்காது.

இதற்கு நேர்மாறான இன்னொரு வழி, ஒலியை விட்டுவிட்டுப் பொருளைத் தமிழாக்குவது. 1606இல் மதுரைக்கு வந்து தத்துவ போதகர் என்ற பெயரைத் தாங்கிய இராபர்ட் தெ நொபிலி தொடங்கிவைத்த அணுகுமுறையின் தொடர்ச்சியாகவே இதனைக் காண வேண்டும். கடவுளின் அருள் என்ற கருத்துடைய யோவான் அருளப்பர் ஆனார். அதே யோவானின் பெயரைக் கொண்டிருந்த போர்த்துக்கீசியத் துறவி ஜான் தெ பிரிட்டோ அருளானந்தர் ஆனார். சிறியவர் என்று பொருள்படும் இலத்தீனப் பெயரையுடைய பவுல் சின்னப்பர் ஆனார். பாறை என்ற பொருளுடைய பேதுரு இராயப்பர் ஆனதற்குத் தெலுங்கில் கல்லைக் குறிக்கும் ராயி என்ற சொல்லை அடியாகக் காட்டுவர். ஆண்மையும் வலிமையும் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த அந்திரேயா, பெலம் என்ற சொல்லோடு வேந்திரன் சேர்ந்து பெலவேந்திரன் ஆனார். இப்பெயர்களை ஆக்கியவர்கள் கிரேக்க, இலத்தீன, எபிரேயச் சொற்களின் வேர்களை அறிந்தவர்களாகவும், அதைவிட முக்கியமாக, தமிழ்ப் பெயர் எப்படி ஒலிக்க வேண்டும் என்ற செவியுணர்வு உடையவர்களாகவும் இருந்தார்கள்.

இந்த வழி எதிர்ப்பின்றி நடைபெறவில்லை. திருத்தந்தையின் தூதராக 1703 நவம்பரில் புதுச்சேரிக்கு வந்திறங்கிய தூர்னோன், மலபார் சடங்குகள் என்று ஐரோப்பாவில் அழைக்கப்பட்ட உள்ளூர்ப் பழக்கங்களை ஆராய்ந்து 1704இல் ஓர் ஆணையை வெளியிட்டார். கடலூரிலிருந்து ஒருநாள் நடைத் தொலைவில் எழுதப்பட்ட அந்த ஆணையில் பெயர்களைப் பற்றிய விதிகளும் இடம்பெற்றன. திருமுழுக்குப் பெறுவோருக்கு உரோமைத் திருச்சபையின் புனிதர் பட்டியலில் உள்ள பெயர்களையே சூட்ட வேண்டும், பிற சமயத் தெய்வங்களின் பெயர்களைச் சூட்டக்கூடாது, புனிதர்களின் பெயர்களை மனம்போனபடி மாற்றக்கூடாது, உள்ளூர் மொழியில் வழங்குவதானால் மூலத்தின் பொருளோடு பொருந்த வேண்டும் என்பது அவற்றின் சாரம். 1744இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் வெளியிட்ட ஆணை இவ்விதிகளை உறுதிப்படுத்தியது. ஆறுமுகத்தையும் சபாபதியையும் திருச்சபைப் பதிவேட்டிலிருந்து விலக்கிய இவ்விதி, பொருளொத்த தமிழாக்கத்துக்கு ஒரு சிறு வாயிலைத் திறந்தே வைத்திருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். அருளப்பனும் சின்னப்பனும் அந்த வாயில் வழியே நுழையத் தகுதியுடைய பெயர்கள்.

விதி எப்படியிருந்தாலும் செல்வாக்குள்ள குடும்பங்கள் இரு பெயர்களையும் கைவிடவில்லை. பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் துபாஷியாக இருந்து 1746இல் இறந்த கனகராய முதலியார் பெத்ரோ என்ற திருமுழுக்குப் பெயரையும் உடையவர். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் அவர் கனகராய முதலியாராகவே நடமாடுகிறார். அவருடைய மகன் வேலவேந்திர முதலி இளமையிலேயே இறந்தபின், மகனின் நினைவாக ரெட்டியார்பாளையத்தில் அவர் எழுப்பிய கோயில் அந்திரேயாவுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. வேலவேந்திரன் என்பது பெலவேந்திரன் என்பதன் மாற்றுவடிவம் என்று அறியாதவர் அதை முருகனின் பெயர் என்றே எண்ணக்கூடும். சாமுவேலிலும் இம்மானுவேலிலும் இறுதியில் வந்து நிற்கும் வேலும் அத்தகையதே: எபிரேயத்தில் கடவுளைக் குறிக்கும் ஏல் என்ற அசை, முன்னுள்ள உகரத்தோடு வகர உடம்படுமெய் பெற்றுத் தமிழில் வேலாகிவிட்டது. முருகனுக்குரிய நாட்டில் இப்பெயர்கள் எளிதில் ஒட்டிக்கொண்டதற்கு இந்த ஒலி ஒற்றுமையும் உதவியிருக்கலாம்.

விருத்தாசலத்துக்கு அருகிலுள்ள கோணான்குப்பத்தில் பெரியநாயகி அன்னைக்குக் கோயில் எழுப்பிய வீரமாமுனிவர், பொருள்வழித் தமிழாக்கத்தை அதன் உச்சத்துக்குக் கொண்டுசென்றவர். இத்தாலியில் பிறந்த கொன்ஸ்தன்சோ பெஸ்கி என்ற இத்துறவி, யோசேப்பைத் தலைவராகக் கொண்டு பாடிய தேம்பாவணிக் காப்பியத்தில் அவருக்குச் சூசை என்ற பழகிய பெயரை ஏற்காமல், வளர்ச்சி, பெருக்கம் என்ற எபிரேயப் பொருளைத் தழுவி வளன் என்று பெயரிட்டார்; திருமுழுக்கு யோவான் அக்காப்பியத்தில் கருணையன் ஆனார். செய்யுளின் யாப்புக்குள் இயல்பாக அமரும் இப்பெயர்கள், புலவர் உலகுக்கு வெளியே உடனடியாகப் பரவியதாகத் தோன்றவில்லை. கோணான்குப்பத்துத் திருவிழாவுக்குச் சென்ற உழவர் தம் பிள்ளைக்குப் பெரியநாயகம் என்று அன்னையின் பெயரை வைத்தார். யோசேப்பின் பெயர் வேண்டுமென்றால் சூசைநாதன், சூசைராஜ் என்றே வைத்தார். வளன் என்ற பெயர் நெடுங்காலம் காத்திருந்து, தனித்தமிழ் உணர்வு பரவிய 20ஆம் நூற்றாண்டில்தான் நிறுவனங்களின் பெயர்ப்பலகைகளுக்கு வந்தது. கடலூரில் தூய வளனார் என்ற பெயர் பள்ளியையும் கல்லூரியையும் குறித்து இன்று நன்கு வழங்குகிறது. வீட்டுப் பிள்ளைகளுக்கும் அப்பெயர் வந்துசேர்ந்தது. ஆயினும் வளனரசு போன்ற பெயரைத் தேர்ந்தெடுக்கும் குடும்பத்தில் பெரும்பாலும் தமிழாசிரியர் ஒருவரேனும் இருப்பார் என்று ஊகிக்க இடமுண்டு.

இதற்கிடையில் கடலூரில் ஆங்கிலேயர் வேறொரு விவிலியப் பெயரைக் கல்லில் எழுப்பியிருந்தனர். மராட்டியரிடமிருந்து 1690இல் விலைக்கு வாங்கிய தேவனாம்பட்டினத்துக் கோட்டைக்கு அவர்கள் செயிண்ட் டேவிட் கோட்டை என்று பெயரிட்டார்கள். அந்தக் கொள்முதலை நடத்திய சென்னை ஆளுநர் ஏலிஹு யேல் வேல்சு நாட்டு மரபினர் என்பதால் அந்நாட்டின் காவல் புனிதரான டேவிட்டின் பெயர் சூட்டப்பட்டது என்று ஒரு விளக்கமும், சென்னையில் குழந்தையாகவே இறந்த அவருடைய மகன் டேவிட்டின் நினைவாகச் சூட்டப்பட்டது என்று மற்றொரு விளக்கமும் உண்டு. இரண்டில் எதை ஏற்றாலும் அப்பெயரின் மூலவர் பழைய ஏற்பாட்டு அரசரான தாவீதே. ஏலிஹு என்பதும் யோபு நூலில் வரும் ஒருவரின் பெயர். 1649இல் பாஸ்டனில் பிறந்த யேலுக்கு அப்பெயர் வாய்த்ததில் வியப்பில்லை. புனிதர்களின் பெயர்களைக் கத்தோலிக்க மிச்சமாகக் கருதி ஒதுக்கிய தூய்மைவாதிகள், அந்நாளில் பழைய ஏற்பாட்டின் அதிகம் அறியப்படாத மூலைகளிலிருந்தெல்லாம் பெயர்களைத் தோண்டியெடுத்துக்கொண்டிருந்தார்கள். கடலூர் மக்களோ கோட்டையின் பெயரைவிட அதன் பீரங்கியை நன்றாக நினைவில் வைத்தனர். குண்டு விழும் எல்லைவரை நிலம் விற்கப்பட்டதன் அடையாளமாகக் குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப்பெயர் இன்றும் நிற்கிறது.

பழைய ஏற்பாட்டுப் பெயர் ஒரு கடலூர்க்காரருக்குச் சூட்டப்பட்ட முதன்மையான நிகழ்வு, கோட்டைக்கு உள்ளே நடக்காமல் தெற்கே டேனிஷ்காரரின் தரங்கம்பாடியில் நடந்தது. 1706இல் அங்கு வந்த மறைபணியாளர் சீகன்பால்குவிடம் 1718இல் திருமுழுக்குப் பெற்ற ஆறுமுகம், கடலூரைச் சேர்ந்த சைவ வணிகரான சொக்கநாத பிள்ளையின் மகன். அவருக்கு ஆரோன் என்று பெயரிடப்பட்டது. மோசேயின் தமையனும் இஸ்ரவேலரின் முதல் தலைமைக் குருவுமான ஆரோனின் பெயரைத் தாங்கிய இவரே, 1733 டிசம்பர் 28 அன்று, இந்தியச் சீர்திருத்தத் திருச்சபையின் முதல் உள்நாட்டுக் குருவாக அபிஷேகம் செய்யப்பட்டார். பெயர் முன்னே வந்தது, பணி பதினைந்து ஆண்டுகள் கழித்து வந்தது. ஆகவே குருவாக்கும் திட்டத்தோடுதான் பெயர் சூட்டப்பட்டது என்று சொல்ல முகாந்திரமில்லை. ஆறுமுகம், ஆரோன் என்ற இரண்டும் ஒரே நெடிலில் தொடங்குவதும் தற்செயலாக இருக்கலாம். ஆயினும் முருகனின் பெயரிலிருந்து இஸ்ரவேலரின் குருவின் பெயருக்கு நடந்த இந்த மாற்றத்தில், கத்தோலிக்கர் நடந்த பாதையிலிருந்து விலகிய ஒரு தேர்வு தெளிவாகத் தெரிகிறது. புனிதர் வணக்கத்தை ஏற்காத சீர்திருத்தத் திருச்சபையினருக்குச் சவரியாரும் அந்தோணியாரும் பெயர் தருபவர்களாக இருக்க முடியாது. பழைய ஏற்பாட்டின் ஆரோன், தானியேல், சாமுவேல், ஈசாக்கு ஆகியோரோ நூலுக்குள்ளேயே நிற்பவர்கள்.

ஆரோனுக்குப் பின் குருவான தியோகு (1741), அம்புரோசு (1749), பிலிப்பு (1772) ஆகியோரின் பெயர்களைப் பார்த்தால் இந்தப் பிரிவினை நடைமுறையில் அவ்வளவு கறாராக இல்லை என்பதும் புலப்படும்; தியோகு போர்த்துக்கீசிய வடிவம், அம்புரோசு நான்காம் நூற்றாண்டு ஆயர் ஒருவரின் பெயர், பிலிப்பு மட்டுமே நேரடியாகப் புதிய ஏற்பாட்டிலிருந்து வந்தது. கடலூர் நகரிலும் திருச்சபைகளின் எல்லை அரசியலுக்கேற்ப நகர்ந்தது. 1740 முதல் அங்குப் பணியாற்றிய சீர்திருத்தத் திருச்சபை மறைபணியாளர் கீர்நாந்தரிடம், கத்தோலிக்கக் குருக்களை வெளியேற்றிய ஆங்கிலக் கம்பெனி 1749இல் அவர்களது கோயிலையே ஒப்படைத்தது. 1758இல் பிரெஞ்சுப் படை நகரைப் பிடித்ததும் கீர்நாந்தர் கல்கத்தாவுக்குப் போக நேர்ந்தது. கோயில் கைமாறினாலும் அதன் மக்களுக்கு ஏற்கெனவே சூட்டப்பட்ட பெயர்கள் கைமாறுவதில்லை.

வேதாகம மொழிபெயர்ப்புகள் சீர்திருத்தத் திருச்சபையினரின் பெயர் வடிவங்களை நிலைநிறுத்தின. சீகன்பால்குவின் புதிய ஏற்பாடு 1714-15இல் தரங்கம்பாடியில் அச்சானது. பின்னர் பப்ரிசியுசின் மொழிபெயர்ப்பு பல தலைமுறைகளுக்குப் படிக்கப்பட்டது. யோவான், யாக்கோபு, யோசேப்பு, யோசுவா என்று வரும் யகர வடிவங்கள், எபிரேய, கிரேக்க மூலங்களோடு பொருந்துவன. ஜே என்ற எழுத்தை யகரமாகவே ஒலிக்கும் ஜெர்மானியரான மொழிபெயர்ப்பாளர்களுக்கும் அவை இயல்பானவை. சொல்லுக்கு முதலில் யகரத்தை ஏற்கும் தமிழுக்கும் ஒவ்வாதவை அல்ல. இவ்வடிவங்களுக்கு இடையூறு பின்னால் ஆங்கிலப் பள்ளிகளிலிருந்து வந்தது. 19ஆம் நூற்றாண்டில் வேலைவாய்ப்பு ஆங்கிலத்தோடு பிணைந்தபோது யோவான் ஜானாகவும், யோசேப்பு ஜோசப்பாகவும், தாவீது டேவிட்டாகவும் பள்ளிப் பதிவேடுகளில் எழுதப்பட்டனர். ஞாயிறு காலை பிரசங்கத்தில் தாவீதின் கதையைக் கேட்ட சிறுவன் டேவிட், இரண்டும் ஒரே பெயர் என்பதைச் சொல்லித்தான் அறிந்துகொள்ள வேண்டியிருந்தது.

யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷன் பள்ளிகளில் இதைவிட விந்தையான பழக்கம் நிலவியது. மாணவரைப் பேணப் பொருளுதவி செய்த அமெரிக்கக் கொடையாளியின் பெயரே மாணவருக்குச் சூட்டப்பட்டது. கறோல் விசுவநாதபிள்ளை, ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளை, தமிழில் தருக்க நூல் எழுதிய நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை ஆகிய பெயர்களின் முன்பாதி விவிலியத்திலிருந்து வந்ததன்று. கடைசிப் பெயரின் பின்பாதியோ தில்லை நடராசரின் ஊரையே சுமந்து நிற்கிறது. விவிலியப் பெயர் சூட்டுவதுதான் கிறித்தவ மிஷன்களின் ஒரே கொள்கை என்று எண்ணுவோர் இவ்வெடுத்துக்காட்டுகளைக் கருத வேண்டும்.

ஆரோன் என்ற பெயர் தரங்கம்பாடிக்கு வருவதற்கு முன்பே, ஹாரூன் என்ற வடிவில் பரங்கிப்பேட்டையின் முஸ்லிம் தெருக்களுக்கு அது உரியதாக இருந்தது என்பதைப் பெயர் வரலாற்றில் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். மஹ்மூது பந்தர் என்று முஸ்லிம்களால் அழைக்கப்பட்ட அத்துறைமுகத்தில் இபுராஹீம், யாகூப், யூசுப், மூசா, தாவூது, சுலைமான், யூனுஸ் ஆகிய பெயர்கள் குர்ஆன் வழியாக வந்தன. அவை முறையே ஆபிரகாம், யாக்கோபு, யோசேப்பு, மோசே, தாவீது, சாலொமோன், யோனா ஆகியோரே. இரு சமூகங்களுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. முஸ்லிம்கள் ஈசா என்ற பெயரைத் தயக்கமின்றிப் பிள்ளைக்கு வைப்பார்கள். தமிழ்க் கிறித்தவரோ இயேசு என்ற பெயரைத் தனியே வைக்கத் துணியாமல் இயேசுதாசன், இயேசடியான் என்று அடிமை நிலையைச் சேர்த்தே வைப்பார்கள். சாமிதாசன், அடியான் என்று தன்னைத் தாழ்த்திப் பெயர் சூட்டும் சைவ, வைணவப் பழக்கத்தின் தாக்கம் இதில் இருப்பதாகக் கருதலாம்.

குடும்பத்துக்குள் பெயரைத் தீர்மானித்தவர் யார் என்ற கேள்விக்குக் கத்தோலிக்கரிடையே நெடுங்காலம் இரு போட்டியாளர்கள் இருந்தனர்: ஒருவர் தாத்தா, மற்றவர் திருநாள். மூத்த பேரனுக்குத் தந்தைவழிப் பாட்டனின் பெயரை இடுவது தமிழர் பொது வழக்கு. பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதன் திரிபு. அதே வேளையில், குழந்தை பிறந்த அல்லது திருமுழுக்குப் பெறும் நாளுக்கு அண்மையில் வரும் புனிதரின் பெயரைக் குரு பரிந்துரைப்பார். ஜூன் 29 அண்மையில் என்றால் இராயப்பன் அல்லது சின்னப்பன், டிசம்பர் 3 அண்மையில் என்றால் சவரிமுத்து. பாட்டனின் பெயர் வென்றால் அதிலும் ஒரு சிக்கல் எழும். மாமனாரின் பெயரை மருமகள் வாய்விட்டுச் சொல்லக்கூடாது என்ற வழக்கத்தால், பெற்ற தாயே பிள்ளையைத் திருமுழுக்குப் பெயரால் அழைக்க இயலாமல் ராசா என்றோ தம்பி என்றோ சின்னவன் என்றோ அழைத்தாள். பதிவேட்டுப் பெயர் ஒன்று, வீட்டுப் பெயர் ஒன்று என்ற இரட்டை நிலைக்குச் சட்டமும் இடம் தந்தது: 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 761ஆம் விதி, பெற்றோர் கிறித்தவப் பெயரை ஏற்காவிட்டால் குரு ஒரு புனிதரின் பெயரையும் சேர்த்து இரண்டையும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்றது. 1983ஆம் ஆண்டுத் தொகுப்பின் 855ஆம் விதி, கிறித்தவ உணர்வுக்கு அன்னியமான பெயரை மட்டும் தவிர்க்கச் சொல்லி இக்கட்டாயத்தைத் தளர்த்தியது.

இரட்டைப் பெயருக்கு வேறொரு கடுமையான காரணமும் 1950இல் சேர்ந்தது. அவ்வாண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதியினருக்குரிய சலுகைகளை இந்துக்களுக்கு மட்டும் வரையறுத்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்களே தவிர, கிறித்தவரும் முஸ்லிம்களும் வெளியே நிற்கிறார்கள். இம்மாவட்டத்தின் கிறித்தவரில் கணிசமானோர் தலித் மக்கள் என்பதால், ஆலயத்தில் தானியேலாகவும் பள்ளிச் சான்றிதழில் தமிழ்ப் பெயராகவும் இருப்பது பல குடும்பங்களுக்கு வாழ்வாதாரம் சார்ந்த முடிவாயிற்று. பெயரை நம்பிக்கையின் அடையாளமாக மட்டும் பார்க்கும் வரலாறு, இக்குடும்பங்களின் தேர்வைப் புரிந்துகொள்ளாது. சாதிச் சான்றிதழ் தேவையற்றவருக்கு மட்டுமே எளிதாக வாய்க்கக்கூடிய உரிமையாக விவிலியப் பெயர் சில தெருக்களில் மாறிப்போனது.

எல்லைக்கு அப்பால் புதுச்சேரியில் 1881ஆம் ஆண்டு ஆணைப்படி தம் உள்ளூர்ச் சட்டநிலையைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்றவர்கள் நிலையான குடும்பப் பெயரைத் தேர்ந்துகொண்டனர். எல்லைக்கு இப்பால் கடலூரில் தந்தையின் பெயர் ஒற்றை எழுத்தாகச் சுருங்கி முன்னால் நின்றது. எனவே ஒரே பங்காளிகளின் பிள்ளைகள் இரு வேறு முறைகளில் பெயரெழுதும் நிலை ஏற்பட்டது.

1995இல் கத்தோலிக்கரும் பிற திருச்சபையினரும் இணைந்து வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம், நற்செய்தியாளரின் பெயரை அருளப்பர் என்பதிலிருந்து யோவான் என்று மாற்றியது. இராயப்பர் பேதுரு ஆனார், சின்னப்பர் பவுல் ஆனார். திருச்சபைகளின் ஒற்றுமைக்கு இது தேவையாக இருந்திருக்கலாம். ஆனால் முந்நூறு ஆண்டுப் புழக்கமுடைய அருளப்பன் என்ற பெயருக்குத் திருநூலிலிருந்து கிடைத்து வந்த ஆதரவு அதனால் அற்றுப்போனது. இன்று திருப்பலியில் வாசகத்தைக் கேட்கும் சிறுவனுக்குத் தன் பாட்டனின் பெயர் அங்கே கேட்பதில்லை. பொருளைத் தமிழாக்கிய அந்தப் பழைய உழைப்பு மறைந்துபோனது ஓர் இழப்பாகவே தோன்றுகிறது.

அந்த வெற்றிடத்தை யோவானும் பேதுருவும் நிரப்பிவிடவும் இல்லை. புதிய பெற்றோர் ஜோயல், ஜோஷுவா, நேதன், ஏதன், ஜெரமி என்று ஆங்கில ஒலிப்பில் பழைய ஏற்பாட்டை நாடுகின்றனர். புனிதர் பெயர்களோடு நின்றிருந்த கத்தோலிக்கக் குடும்பங்களும் இதில் சீர்திருத்தத் திருச்சபையினரோடு சேர்ந்துகொண்டுள்ளன. யோவேல், நாத்தான், எரேமியா என்று தமிழ் வேதாகமத்தில் இருக்கும் வடிவங்கள் பெயர்சூட்டு விழாவுக்கு வருவதில்லை. மருத்துவமனையில் பிறக்கும் குழந்தையின் பிறப்பு, 1969ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின்படி பெயரின்றியே பதிவாகலாம். ஓராண்டுக்குள் கட்டணமின்றியும், பின்னர் பதினைந்து ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்தோடும் பெயரைச் சேர்க்கலாம். பாட்டனின் பெயரா, திருநாளின் பெயரா, ஆங்கில ஒலிப்பா என்று வீட்டில் பேசி முடிக்க அந்தக் கால அளவு போதுமானது. நகராட்சி அலுவலகம் கேட்பது எழுத்துக்கூட்டலை மட்டும்தான்.